இல்லக் கணினிக்கு நினைவகம் எவ்வளவு?

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து, பத்மாராவ் நகரில் அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு வினா விடுத்தார்.

“நீங்கள் ‘இல்லறக் கணக்கு’ப் பகுதியை எழுதி வருகிறீர்கள். அரிசிக்கும் மின்சாரத்துக்கும் கணக்குச் சொன்னீர்கள். என் மகள் பி.காம். சேருகிறாள். மடிக்கணினி வாங்க வேண்டும். ஊரிலுள்ள தம்பி 8 ஜி.பி. ராம் போதும் என்கிறான். கடைக்காரர் 16 இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் 32 என்கிறான். ஒருவர் சொன்னதை அடுத்தவர் இரட்டிப்பாக்குகிறாரே தவிர, காரணம் சொல்வார் எவரும் இல்லை. இதற்குக் கணக்கு உண்டா?” என்றார்.

உண்டு என்றே நாம் கருதுகிறோம். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானவர். கணினி நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர் அல்லர். ஆயினும் இவ்வினாவுக்கு விடை கூற நமக்கு ஒரு தகுதி இருக்கிறது. இதே வினாவுக்கு ஒருமுறை பிழையான விடையைக் கண்டு, அப்பிழைக்காக இருபத்துநான்கு தவணை கட்டியவர் நாம்.

2020ஆம் ஆண்டின் மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததையும், பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையவழியில் நடந்ததையும் எவரும் மறந்திரார். நம் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. கைபேசித் திரையை உற்றுப் பார்த்துக் கண் நோகிறது என்றாள். அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று ஒரு மடிக்கணினி வாங்கினோம். கடையில் இருந்தவற்றுள் விலை குறைந்தது அதுவே. “4 ஜி.பி. சிறு குழந்தைக்குத் தாராளம்” என்றார் விற்பனையாளர். ஜி.பி. என்றால் யாது என்று வினவ வெட்கப்பட்டு, தலையசைத்துப் பணம் கொடுத்தோம்.

தொடக்கத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. நாளடைவில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும். ஆசிரியை பெயர் சொல்லி அழைப்பார். அவ்வொலி வந்து சேர்வதற்குள் அடுத்த குழந்தை விடை சொல்லியிருக்கும். ஒருநாள் வாய்மொழித் தேர்வு. ஏழாம் வாய்ப்பாட்டை மகள் முழுவதும் ஒப்பித்தாள் என்று நம் இல்லாள் சொன்னாள். ஆசிரியைக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மதிப்பெண் இல்லை, ‘கவனம் போதாது’ என்ற குறிப்பு மட்டும் வந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்த நாம், கணினியை ஐயுறவில்லை; குழந்தையைக் கடிந்துகொண்டோம். “நான் சொன்னேன் அப்பா, அதுக்குத்தான் கேக்கல” என்றாள். அதையும் சாக்கு என்றே எண்ணினோம்.

சில திங்கள் கழித்து, விடுப்பில் இருந்த ஒருநாள் அவள் அருகே அமர்ந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. வகுப்பு ஒரு பக்கம், பாடநூல் ஒரு பக்கம், வைரஸ் தடுப்பான் ஒரு பக்கம், இல்லாள் மூட மறந்த சமையல் காணொளிகள் ஒரு பக்கம். நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு நிறைந்திருந்தது. சிகந்திராபாத் பார்க் லேனில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டுபோய், இன்னும் நான்கு சேர்க்கச் சொன்னோம். அவர் பின்மூடியைத் திறந்து பார்த்து, “அண்ணா, இதிலே சில்லுகளைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். கூட்டுவதற்கு இடமே இல்லை” என்றார். தவணை பதினெட்டு மிச்சம் இருந்தது.

அதன் பின்னரே ராம் என்பது யாது என்று கேட்டறிந்தோம். நம் தாயார் இச்சொல்லைக் கேட்டு, “எட்டு ராம், பதினாறு ராம் எதுக்குடா? நமக்கு ஒரே ராமர் போதும்” என்றார். அம்மையார் அறிந்த ராமர் வேறு. இங்குப் பேசப்படுவது தற்காலிக நினைவகம். இதனை நம் தொழிலைக் கொண்டே விளக்குவோம்.

ஓர் இரயில் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். வண்டிகள் நிறுத்தி வைக்கப்படும் யார்டு ஒன்று. பயணிகள் ஏறி இறங்கும் நடைமேடைகள் சில. கணினியில் நம் கோப்புகளும் படங்களும் நிலையாக உறங்கும் இடம் வட்டு. அது யார்டு. வேலை நடக்கும்போது அவை வந்து நிற்கும் இடம் நினைவகம். அது நடைமேடை. யார்டு எவ்வளவு பெரிதாயினும், நடைமேடையில் இடமில்லையேல் வண்டி அவுட்டர் சிக்னலில் காத்துக் கிடக்க வேண்டியதே. சிகந்திராபாத் நிலைய மறுசீரமைப்புக்காக நடைமேடைகள் சில மூடப்பட்டபோது, பல வண்டிகளைச் செர்லப்பள்ளிக்கும் காச்சிகுடாவுக்கும் மாற்ற நேர்ந்ததை நாம் கண்டோம் அன்றோ?

நினைவகம் நிறைந்துவிட்டால் கணினியும் ஏறத்தாழ அதையே செய்கிறது. அப்போதைக்கு வேண்டாதவற்றை வட்டுக்குத் தள்ளி, வேண்டும்போது மீண்டும் இழுத்து வருகிறது. இந்த ஷண்டிங் வேலையால் வரும் தாமதம் சிறிதன்று. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று கற்பனை செய்துகொண்டால், அந்த அளவில் எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பிலிருந்து எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். சுழலும் பழைய வட்டிலிருந்து எடுக்க ஒரு நாளைக்கு மேல் ஆகும். நம் மகள் ஒப்பித்த வாய்ப்பாடு அந்த இடைவெளியில்தான் சிக்கிக்கொண்டது.

ஆனால் மற்றொன்றையும் கூறவேண்டும். பத்து வண்டி வரும் நிலையத்தில் நாற்பது நடைமேடை கட்டினால் எந்த வண்டியும் விரைந்து ஓடிவிடாது. காலி நடைமேடையால் பயனில்லை. நினைவகமும் அவ்வாறே. குறைந்தால் இடர் பெரிது. தேவைக்கு மேல் கூடினால் வேகம் கூடுவதில்லை, செலவுதான் கூடும். ஆகவே, ‘கணினிக்கு எவ்வளவு’ என்று வினவுவதை விட, ‘நம் வீட்டில் நெரிசல் மிகுந்த நேரத்தில் ஒருசேரத் திறந்திருப்பவை எவ்வளவு’ என்று வினவுவதே முறை.

எது இடத்தை அடைக்கிறது? எழுத்து அன்று. திருக்குறள் 1330 பாக்களையும் தமிழ் எழுத்தில் கணினியில் ஏற்றினால் அரை எம்.பி.க்குள் அடங்கிவிடும். 8 ஜி.பி. நினைவகத்தில் பதினாறாயிரம் திருக்குறளை அடுக்கலாம். படமோ அப்படியன்று. கைபேசியில் எடுத்த பன்னிரண்டு மெகாபிக்சல் நிழற்படம், சேமிப்பில் மூன்று நான்கு எம்.பி. அளவே சுருங்கிக் கிடக்கும். அதைத் திறந்த உடனே, ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் வீதம் விரிந்து 48 எம்.பி. ஆகிவிடும். மடித்து வைத்த பட்டுச் சேலைக்கும் விரித்துக் காயப்போட்ட சேலைக்கும் உள்ள வேறுபாடு இது. இவற்றுக்கு மேலாக, இன்றைய இணைய உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே வைத்துக் காக்கிறது. படமும் விளம்பரமும் நிறைந்த பக்கம் ஒன்றே சில நூறு எம்.பி. கேட்பதுண்டு. இருபது பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டுக் கணினியைக் குறை கூறும் இல்லங்கள் நம்முள் பல.

கணினியை இயக்கும் விண்டோஸ் மென்பொருளே ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அப்பங்கு வளர்ந்த வரலாறு வியப்பானது. 1995இல் வந்த விண்டோஸ் 95 குறைந்த அளவாகக் கேட்டது 4 எம்.பி. 2001இல் வந்த எக்ஸ்.பி. கேட்டது 64 எம்.பி. 2009இல் வந்த விண்டோஸ் 7 கேட்டது 1 ஜி.பி. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்குக்கு மேல்! இதில் அன்பர்கள் கருதவேண்டியது ஒன்று: ‘குறைந்த அளவு’ என்பது கதவு திறக்கும் அளவு மட்டுமே, உள்ளே அமர்ந்து உண்ணும் அளவு அன்று. விண்டோஸ் 11 நான்கில் இயங்கும். ஆனால் அது இயங்குவதோடு நிற்கும், நம் வேலைக்கு மிச்சம் அதிகம் இராது.

நம் தமிழ்நாட்டு அரசும் இதே வினாவுக்கு விடை காண வேண்டியிருந்தது. 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றுள் பலவும் 2 ஜி.பி. நினைவகம் கொண்டவை. பின்னாளில் அது நான்காயிற்று. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்க்கென ‘உலகம் உங்கள் கையில்’ என்னும் பெயரில் தொடங்கப்பட்ட திட்டத்தில் 8 ஜி.பி. இலட்சக்கணக்கில் வாங்கும் அரசு, ஒவ்வொரு ஜி.பி.க்கும் பெருந்தொகை கொடுக்க வேண்டும். வீண்செலவும் கூடாது, பயனற்றதாகவும் ஆகக்கூடாது. அவ்வாறு எண்ணிக் கண்ட அளவு இன்று எட்டு. காட்பாடியில் படிக்கும் நம் தங்கை மகளுக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. பிழைப்புக்காக எல்லை கடந்து வந்த நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. ஆனால் அரசு கண்ட அளவை நாம் இலவசமாக எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை.

நிற்க. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. புதிதாக எதையும் வாங்குமுன், வீட்டிலோ உறவினரிடமோ உள்ள கணினியில் அளந்து பாருங்கள். வீட்டில் வழக்கமாகத் திறந்திருப்பவை அனைத்தையும், வகுப்பு, பாடநூல், பாட்டு, உலாவிப் பக்கங்கள் ஆகியவற்றை, ஒருசேரத் திறந்துகொள்ளுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பலகை தோன்றும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்பதையும், பிறகு மெமரி என்பதையும் தேர்ந்தால், மொத்தம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று காட்டும். அரைமணி நேரம் வேலை செய்தபடியே கவனியுங்கள். நூற்றுக்கு எழுபது எழுபத்தைந்தில் நின்றால் கவலையில்லை, கூட்ட வேண்டியதில்லை. எந்நேரமும் தொண்ணூற்றைத் தொட்டுக்கொண்டே இருந்தால், அப்போது கூட்டுவது கடமை.

நினைவகம் பாதி காலியாக இருந்தும் கணினி ஆமைபோல் நகர்ந்தால், குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது சுழலும் பழைய வட்டாக இருக்கும். அதை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பழைய கணினியும் புதுப்பிறவி எடுக்கும். இது தெரியாமல் நினைவகத்தைக் கூட்டிக்கொண்டே போவது, தலைவலிக்குக் காலில் பற்றிடுவதை ஒக்கும்.

இனி, அளவுகளை வகுத்துக் கூறுவோம். 4 ஜி.பி. இருக்கும் பழைய கணினியை எறிய வேண்டாம். எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால் கடிதம் எழுதவும், செய்தி படிக்கவும், பயணச்சீட்டு எடுக்கவும் உதவும். ஆனால் புதிதாக நான்கு வாங்கவே வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும், கலை, வணிகம் பயிலும் கல்லூரி மாணவர்க்கும், இல்லக் கணக்கு, காணொளி வகுப்பு, ஊரிலுள்ள பெற்றோரோடு முகம் பார்த்துப் பேசுதல் ஆகியவற்றுக்கும் 8 போதும். பொறியியல் பயில்வோர், நிரல் எழுதுவோர், வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்வோர், ஒரே கணினியை ஐந்தாறு ஆண்டு வைத்திருக்க எண்ணுவோர் 16 வாங்குதல் நலம். காணொளி வெட்டி ஒட்டுதல், கட்டட வரைபடம் முப்பரிமாணத்தில் தீட்டுதல், ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்கிப் பழகுதல் போன்ற தொழில் உடையவர்க்கே 32. அத்தொழில் வருமானம் தரும். எனவே அச்செலவு தகும். ‘பிற்காலத்துக்கு உதவும்’ என்ற ஒரே காரணத்தால் 32 வாங்குவது, இரண்டு பேர் உள்ள வீட்டில் இருபது பேருக்கு உலை வைப்பதை ஒக்கும்.

வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியவை சில. வெட்கப்படாமல் கேளுங்கள், நாம் வெட்கப்பட்டதன் விலை மேலே கூறினோம்.

முதலாவது, நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாற்றக்கூடியதா? காலியிடம் உண்டா? எவ்வளவு வரை கூட்டலாம்? இம்மூன்றுக்கும் விடை பெற்ற பின்னரே பணப்பையைத் திறக்கவேண்டும். காலியிடம் இருந்தால் இன்று எட்டோடு தொடங்கி, தேவை வரும்போது பதினாறாக்கலாம். பற்றவைத்த மெல்லிய மடிக்கணினியாயின், வாங்கும் நாளிலேயே வாழ்நாள் அளவை முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு படி கூடுதலாக வாங்குவது தவறன்று.

இரண்டாவது, எந்த வகை? டி.டி.ஆர். 4 வகைக்குரிய இடத்தில் டி.டி.ஆர். 5 பொருந்தாது. மேசைக் கணினியின் நீளத் துண்டு மடிக்கணினியில் நுழையாது. பழைய துண்டைக் கையோடு எடுத்துச் செல்வது நலம்.

மூன்றாவது, ஒரே துண்டா, இரண்டா? பெரும்பாலான கணினிகளில் ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகள் சேர்ந்து நிற்கும்போது, இரட்டைப் பாதையில் வண்டி ஓடுவது போலச் செய்தி சற்று விரைந்து செல்லும். எட்டு உள்ளவர் கூட்டும்போது இன்னொரு எட்டைச் சேர்ப்பது இதனாலேயே பொருத்தம்.

நான்காவது, 8 என்று வாங்கிய கணினி ஏழரை என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினி, திரையில் படம் காட்டுவதற்கென ஒரு சிறு பங்கை இதிலிருந்தே ஒதுக்கிக்கொள்கிறது.

சிகந்திராபாத்தில் செனாய் டிரேட் சென்டரில் இப்பொருள்கள் அருகருகே பல கடைகளில் கிடைக்கும். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, ஜி.எஸ்.டி. பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் பெற்று வாங்குங்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். ‘இன்று குறைவாக வாங்கு, நாளை மலிவாகும்போது கூட்டிக்கொள்’ என்று முன்பெல்லாம் கூறுவது வழக்கம். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவ்வழக்கு பொய்த்தது. செயற்கை நுண்ணறிவுக்கென நிறுவப்படும் பெருங்கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மலைமலையாய் வாங்கத் தொடங்கவே, இல்லக் கணினிக்கான துண்டுகளின் விலை விரைந்து ஏறிற்று. உலகில் இச்சில்லுகளின் மிகப் பெரும்பகுதியைச் செய்வோர் மூவரே: கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். நம் ஐதராபாத்திலும் ஆய்வு மையம் வைத்திருக்கும் அந்த மைக்ரான், இல்லங்களுக்கென ‘குரூசியல்’ என்ற பெயரில் விற்றுவந்த வணிகத்தை விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு கூடத்தில் எழும் பசி, நம் பிள்ளையின் மடிக்கணினி விலையில் வந்து தெரிகிறது. நினைவகத்தின் விலை முன்பும் ஏறி இறங்கியிருக்கிறது. இனியும் அவ்வாறே ஆகும். விலை ஏறிய காலத்தில் அளந்து வாங்குவோர்க்கே இழப்புக் குறைவு. அச்சத்தால் இரட்டிப்பாக வாங்குவோர் பிறர் பசிக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்ததால், பழைய கணினியை மாற்றலாமா என்று பலர் எண்ணுகிறார்கள். நினைவகத்தைக் கூட்டினால் மட்டும் விண்டோஸ் 11 ஏறிவிடாது, அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஏற்ற செயலியும் வேண்டும். அவை இல்லாத கணினிக்கு நினைவகம் வாங்கிப் பணத்தைச் செலவிடுமுன் இதனை உறுதி செய்துகொள்க.

நம் வீட்டில் இன்று இருப்பது, 2023இல் வாங்கிய பழைய மடிக்கணினி. 8 ஜி.பி.; ஓர் இடம் காலி. மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளும் பதினாறு வேண்டும் என்றாள். கடிந்துகொள்ளவில்லை, ஒரு ஞாயிறு மாலை இருவரும் அருகருகே அமர்ந்து அளந்தோம். அவள் திறக்கக்கூடியவற்றையெல்லாம் திறந்தாள். எழுபத்தாறு பங்குக்கு மேல் ஏறவில்லை. “இப்ப வேண்டாம் அப்பா” என்று அவளே சொன்னாள். 2020இல் வாங்கிய நான்கு ஜி.பி. கணினியில் லினக்ஸ் ஏற்றியிருக்கிறோம். இக்கட்டுரையை அதில்தான் தட்டெழுதினோம். எழுத்துக்கு அது தாராளம். அன்றைய வாய்ப்பாட்டுத் தேர்வைப் பற்றி மகளிடம் கூறி, நாம் கடிந்தது தவறு என்றோம். அவளுக்கு அது நினைவே இல்லையாம்.

அன்பர்க்கு நம் விடை: பி.காம். படிக்கும் பெண்ணுக்கு 8 ஜி.பி., காலியிடம் ஒன்று, எஸ்.எஸ்.டி. கட்டாயம். மிச்சமாகும் பணத்தைக் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்குக. வேறு அன்பர்க்கு ஐயம் இருப்பின், அடுத்த கூட்டத்துக்குக் கணினியையும் எடுத்து வாருங்கள். காப்பி வருவதற்குள் சேர்ந்து அளந்துவிடலாம்.